ஸ்டார் கடை

தம்பி சம்பந்தம் சொந்தத் தெருவுக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தோரு ரூபாய். ஆரணியில் பேருந்து ஏறியதிலிருந்து ஜெகநாதன் அந்தத் தொகையையே நினைத்துக்கொண்டு வந்தார். சேத்துப்பட்டில் இறங்கியபோது அதற்கும் இடமில்லாமல் போயிற்று. பின்னால் ஒருத்தி கேக் பெட்டியால் முதுகில் இடித்தாள். முன்னால் ஒருவன் சவுக்குக் கிளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். அதன் முனை இவர் கண்ணுக்கு நேராக ஆடியது. மாதா கோயில் கடைத்தெரு முழுக்கத் தலைகள். நாளை கிறிஸ்மஸ்.

காலையில், அவர் நெய்து கொடுக்கும் பட்டுக்கடைக்குப் போன் வந்தது. கோயில் கடைத்தெருவில் ஸ்டார் விற்கும் அவர் தம்பி சம்பந்தம் விடியற்காலையில் நெஞ்சு வலித்து இறந்துவிட்டான் என்றார்கள். முதலாளி அறுநூறு ரூபாய் கொடுத்து, கூலியில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கிருந்து ஜெகநாதன் நேராகத் தெரு நாட்டாமை பொன்னுசாமியிடம் போனார். தெருவில் ஒவ்வொரு குடும்பமும் வருசத்துக்கு ஒரு தொகை தலைக்கட்டு வரி கட்டும். கட்டுகிறவன் வீட்டுச் சாவுக்குத்தான் மேளமும் பாடையும் வரும். கட்டாதவன் பிணம் தெருமுனையிலேயே திரும்ப வேண்டியதுதான்.

பொன்னுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிப் புத்தகத்தைப் பிரித்தார்.

"எண்பத்தொம்பதுலருந்து பாக்கி ஜெகா. நடுவுல கும்பாபிசேக வரி வேற. ஆயிரத்து இருநூத்தி அம்பத்தொன்னு."

"கட்டிடறேன் மாமா."

"அதோட முடியாது. அவன் மாதா கோயில் வேதத்துல சேந்துட்டான்னுதான் நாங்க வரி கேக்காம வுட்டோம். பேர இன்னும் அடிக்கல. சேரலன்னு அந்தக் கோயில்காரங்க வாயால கேட்டுகினு வா. சேந்திருந்தா அங்கியே அடக்கம் பண்ணிட்டு வந்துடு. தெருவுக்குக் கொண்டாராத."

ஜெகநாதன் தலையை ஆட்டினார். தம்பியைத் தெரு வழியாகக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. வேறு எதையும் இனி அவனுக்குச் செய்ய முடியாது.

கடையைத் தேடிக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. தெருவிலேயே அதிக ஸ்டார் தொங்கியது அங்கேதான். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக, ஓட்டை போட்ட காகிதத்துக்குள் பல்ப் எரிய, வாசலுக்கு மேலே இரண்டு வரிசை. அகலம் ஆறடி கூட இருக்காது. பக்கத்துக் கடையில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண் இவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"தறிக்காரருக்கு அண்ணனா நீங்க? சொல்லவே வேணாம். மூக்கு ஒன்னாகீது. நான்தான் போன் பண்ணேன். லூர்தம்மா."

தம்பிக்கு இங்கே தறிக்காரர் என்று பேர் இருந்திருக்கிறது. பத்து வருசத்துக்கு மேலாக அவன் தறியில் உட்காரவில்லை.

லூர்தம்மா கடைக்குப் பின்னால் தொங்கிய போர்வையை விலக்கினாள். உள்ளே பாயில் சம்பந்தம் கிடந்தான். முடி நரைத்திருந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஸ்டார் கட்டுகிற நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு இருந்தது.

"காலைல நாலரைக்கு டீ குடிச்சாரு. முப்பது ஸ்டாரு விரிச்சுத் தொங்க வுட்டாரு. மார அடைக்குது லூர்து, கடையப் பாத்துக்கோன்னுட்டு உள்ள போனாரு. அவ்ளோதான். டாக்டரு வந்து பாத்துட்டுப் போய்ட்டாரு." அவள் குனிந்து நெற்றியைப் பார்த்தாள். "எங்க வூட்ல ஏது திருநூறு. சந்துல முருகன் கோயிலுக்குப் போய் வாங்கியாந்தேன். சரியாப் பூசிகீறனா பாருங்க."

"சரியா இருக்குது."

"இங்க யாரும் அழுவலன்னு தப்பா நெனக்காதீங்க. ஊரு பூரா பண்டிக. எங்க நாலஞ்சு கடக்காரங்களுக்குத்தான் விசயம் தெரியும். நீங்க அழுவணும்னா அழுவுங்க. ஸ்பீக்கரு போடற சத்தத்துல ஒன்னும் வெளிய கேக்காது."

ஜெகநாதனுக்கு அழுகை வரவில்லை. தம்பியின் கையைத் தொட்டார். விரல் இடுக்கில் பசை காய்ந்திருந்தது.

மத்தியானம் கோயிலிலிருந்து உபதேசியார் சூசை வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை, கையில் ராத்திரிப் பூசைக்கு வேண்டிய சாமான் சீட்டு. உள்ளே போய் ஒரு நிமிசம் நின்றுவிட்டு வந்து ஜெகநாதனின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஃபாதர் கிட்ட சொன்னேன். நீங்க விருப்பப்பட்டா கல்லறைத் தோட்டத்துல ஓரமா ஒரு எடம் குடுக்கலான்னாரு. ஆனா பூசை எதுவும் வெக்க முடியாது. இவரு பேரு எங்க பதிவுல இல்லீங்க."

"ஞானஸ்நானம் வாங்கலையா?"

"எங்க வாங்கனாரு. ஏசு பாலன் பொறந்த குடிலு கட்டறதுக்கு இவருதான் மொத ஆளு. வைக்கோலு போடறது, லைட்டு மாட்டறது, எல்லாம் இவுரு. பாலன் சொரூபத்துக்குப் பட்டுத்துணி கூட வருசா வருசம் இவருதான் தைச்சுக் குடுப்பாரு. வந்து சேந்துக்குங்க தறிக்காரரேன்னு நானும் பத்து வருசமாக் கேட்டுகினு கீறேன்."

"இன்னா சொன்னான்?"

"எங்க தெருவுல என் பேரு இருக்குதுங்களேன்னுவாரு. சிரிச்சுகினே சொல்வாரு. அதுக்கு மேல நானும் கேக்க மாட்டேன்."

ஜெகநாதன் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத் துண்டுகள் கிடந்தன. உபதேசியார் எழுந்து, இரவுப் பூசைக்கு முன்னால் ஒரு முறை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"அதுக்குள்ள எடுத்துடுவோங்க. ஆரணிக்குக் கொண்டுகினு போறேன்," என்றார் ஜெகநாதன்.

வண்டிதான் கிடைக்கவில்லை. ஊரில் இருந்த வேனெல்லாம் பண்டிகைச் சவாரியில் இருந்தன. லூர்தம்மா தன் மருமகனை ஓட விட்டு ஒருவனைப் பிடித்தாள். போளூரில் பாட்டுக் கோஷ்டியை இறக்கிவிட்டு நாலு மணிக்கு வருவான். ஐந்நூறு ரூபாய் கேட்டான். மடியில் இருந்தது ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஜெகநாதன் ஐந்நூறைத் தனியாக எடுத்து வைத்தார். தொண்ணூறு ரூபாயை வைத்துக்கொண்டு பொன்னுசாமி முன்னால் போய் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. தெருவில் கேட்கலாம். ஆனால் ஸ்டார் கடையில் செத்தவனுக்கு வரி கட்டக் கடன் கொடு என்று எந்த வீட்டு வாசலில் நிற்பது?

வாசலில் ஒரு பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓர் ஆள் வந்தான்.

"அந்த ஊதா எவ்ளோ?"

"கடை இல்லீங்க," என்றார் ஜெகநாதன்.

"தொங்குதே?"

"இல்லீங்க. போங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டு போனான். அடுத்து இரண்டு பெண்கள். அவர்களையும் அனுப்பினார். மூன்றாவது ஆளை அனுப்பும்போது லூர்தம்மா பக்கத்துக் கடையிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏன்ணா தொரத்தறீங்க?"

"உள்ள பொணத்த வெச்சிகினு யாவாரம் பண்ணச் சொல்றியாம்மா?"

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் இதுக்கு உசுரு. நாளைக்குக் காலைல இத எவன் வாங்குவான்? அவரு ரெண்டு மாசமா ராவும் பகலும் குந்தி ஒட்டனது. சரக்கு பூரா கைக்காசு, எவனுக்கும் பாக்கி வெக்கல. கடைய மூடனேன்னு தெரிஞ்சா எழுந்து வந்து என்னைத்தான் திட்டுவாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "உங்க இஷ்டம்," என்றாள்.

ஜெகநாதன் மேலே தொங்கியதை எண்ணினார். இருபத்தாறு. ஓரத்தில் மடித்து அடுக்கியது நாற்பதுக்கு மேல். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"எதெது எவ்ளோ விலம்மா?"

"சின்னது பதினஞ்சு. நடுவாந்தரம் இருவத்தஞ்சு. பெருசு நாப்பது. நாப்பதுன்னு சொல்லி முப்பத்தஞ்சுக்கு வுடுவாரு."

முதல் அரை மணி நேரம் அவருக்கு வேலை பிடிபடவில்லை. மடித்த ஸ்டாரை எந்த முனையில் இழுத்தால் விரியும் என்று தெரியவில்லை. ஒன்றைக் கிழித்தார். விலை சொல்லும்போது குரல் எழவில்லை. "பெருசு, பேசுங்க, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றான் ஒரு விடலை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு பேர், பக்கத்துக் கிராமம், நெற்றியில் எண்ணெய் வழிந்தது. நாற்பது ரூபாய் ஸ்டாரை இருபதுக்குக் கேட்டு, ஒன்று முப்பதாக இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் கை தானாக ஓட ஆரம்பித்தது. முனையைப் பிடித்து உதறி, நூலைச் சுண்டி ஒரு முடிச்சு. இழை அறுந்தால் போடுகிற முடிச்சுதான். நாற்பது வருசமாகப் போட்டது.

நடுவில் ஒரு முறை எதிரில் இருந்த துணிக்கடைக்குப் போனார். நெசவுக்காரன் வீட்டிலிருந்து தம்பி சாவுக்கு வந்தவர் ஒரு கோடி வேட்டி எடுத்து வரவில்லை. அவசரத்தில் தோன்றவே இல்லை. கடைப் பையன் புதுப் பேண்ட்டுகளைக் காட்டினான்.

"பண்டிகைக்கு வேட்டி எதுக்குப் பெரியவரே. பேண்ட்டு போடுங்க. வயசு கொறையும்."

"வேட்டி குடுப்பா. கரை போடாதது."

எழுபது ரூபாய் ஆயிற்று. அதைக் கொண்டுவந்து தம்பியின் மேல் போர்த்திவிட்டுத் திரும்ப வாசலுக்கு வந்தார். ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எப்பவும் இருப்பாரே, அவரு எங்க?"

"உள்ள படுத்துகினு இருக்காரும்மா."

"உடம்பு சரியில்லையா?"

"ம்."

"பாவம், இந்த வருசம் குளிரு அதிகம். கசாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. எனக்குப் பெருசு முப்பதுக்குக் குடுப்பாரு. நீங்க முப்பத்தஞ்சு சொல்றீங்க."

"முப்பதே குடுங்க."

ஒலிபெருக்கியில் பாட்டு மாறியது. கேக் வாசனையும் பஜ்ஜி எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. பிளாஸ்டிக் பீப்பி ஊதிக்கொண்டு பிள்ளைகள் ஓடின. களிமண் ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் சாக்கில் பரப்பி ஒருவன் கூவினான். வந்தவர்களில் பாதிப்பேர் நெற்றியில் பொட்டும் திருநீறுமாக இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்றுதான் ஜெகநாதன் நினைத்தார். தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, பட்டையாகத் திருநீறு, தோளில் துண்டு, பெரிய சிவப்பு ஸ்டாரைக் காட்டி, "பல்பு வெக்கற எடம் எது?" என்று கேட்டார்.

ஜெகநாதன் காட்டினார். பிறகு கேட்டார்: "யாருக்குங்க?"

"வூட்டுக்குத்தான். பேத்தி ஒரு வாரமா உசுர வாங்கறா."

"நீங்க வேதக்காரங்களா?"

"இன்னாத்துக்கு? நாங்க பெரியநாயகி கோயிலுக்குப் பந்தம் புடிக்கிற வூடு."

"வாசல்லயா கட்டுவீங்க? தெருவுல ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?"

அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சொல்லுவாங்க? எங்க தெருவுல ஏழு வூட்ல கட்டிகீறாங்க. தீவாளிக்குப் பட்டாசு வெடிச்சா அவங்க வந்து நிக்கறதில்லையா. புள்ளைங்க கேக்குது, கட்டறோம். ஜல்தியா ஒரு நூலு போட்டுக் குடுங்க, பஸ்ஸு போய்டும்."

ஜெகநாதன் நூல் போட்டார். முடிச்சு இரண்டு தடவை நழுவிற்று.

எண்பத்தெட்டு டிசம்பரில் பட்டு நூல் விலை ஏறி, வீட்டில் இரண்டு தறியில் ஒன்று நின்றுபோனது. சம்பந்தம் ஒரு மாசம் சேத்துப்பட்டுக்கு வேலைக்குப் போனான். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து, அண்ணன் மகள் இளமதிக்கு ஒரு ஸ்டாரைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினான். அவள் அதைக் கட்டச் சொல்லி அழுதாள். ஜெகநாதன்தான் முக்காலி போட்டு ஏறி வாசலில் கட்டினார். உள்ளே பல்பும் அவர்தான் மாட்டினார். இறங்கி நின்று பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியலில் மார்கழி பஜனை அந்த வாசலில் வந்து நின்றது. ஜால்ரா சத்தம் ஓய்ந்தது. "இன்னாடா இது?" என்றார் பொன்னுசாமி.

"சம்பந்தம் கொண்டாந்தான்."

"அவன் அந்தப் பக்கம் போய்ட்டானா?"

இல்லை என்று சொன்னால், கட்டியது யார் என்று அடுத்துக் கேட்பார்கள். ஜெகநாதன் சும்மா நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. பொங்கலுக்கு வந்த தம்பியிடம், தெரு ஒத்துக்கொள்ளாது, கொஞ்ச நாள் போகட்டும் என்றார். "நான் சேந்துட்டன்னு யாரு சொன்னது?" என்று கேட்டான் சம்பந்தம். "ஊரே சொல்லுது," என்றார். பையை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். ஆற்காட்டில் அவனுக்குப் பார்த்து வைத்திருந்த பெண் வீட்டில் ஆள் விட்டு வேண்டாம் என்றார்கள். தறி இருந்த இடத்தில் பிறகு மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை எடுத்தாயிற்று.

மூன்று மணி சுமாருக்குக் கூட்டம் கொஞ்சம் விட்டது. லூர்தம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். தகர டப்பாவில் கிடந்த காசைப் பார்த்து, "பரவால்லியே, அவர விட நல்லா விக்கறீங்க," என்றாள். "வயசான மூஞ்சப் பாத்து பேரம் பேசாம போறாங்க."

"அவன் யார் கிட்டயாவது கோவமா இருந்தானாம்மா?"

"தறிக்காரரா? எங்கிட்டதான். கடன் குடுத்துட்டுக் கேக்க மாட்டேங்கறேன்னு." அவள் டீயை ஊதினாள். "வந்த புதுசுல ஒன்னு பண்ணுவாரு. தை பொறந்தா யாருக்கோ மணியார்டரு அனுப்புவாரு. அறுவது ரூபா. அது திரும்பி வந்துடும். வாங்க மறுத்துட்டாங்கன்னு போஸ்ட்மேனு எழுதிக் குடுப்பான். மூனு வருசம் அனுப்பனாரு. யாருக்குய்யான்னு கேட்டா சொல்ல மாட்டாரு. அப்பறம் வுட்டுட்டாரு."

அறுபது ரூபாய்தான் அப்போது தலைக்கட்டு வரி. ஆரணியில் தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே பெயரைப் படித்துக் காட்டினார். 'சம்பந்தம், வரிக்காக' என்று எழுதியிருக்கிறது என்றார். ஜெகநாதன் தறிக்குழியிலிருந்து தலையை மட்டும் தூக்கி, வேண்டாம் என்றார். மூன்று வருசமும் அதே தபால்காரர். மூன்றாவது வருசம் அவர் பெயரைப் படிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜெகநாதன் டீயை முழுசாகக் குடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார்.

வேன் நாலரைக்கு வந்தது. ஆனால் கடைத்தெருவுக்குள் வர முடியவில்லை. பள்ளிக்கூட மூலையில் நின்றுகொண்டான். அங்கிருந்து கடைக்கு முந்நூறு அடி, நடுவில் முழுக்க ஜனம். கடைக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். சம்பந்தத்தைப் புது வேட்டியோடு சேர்த்துப் போர்வையில் சுற்றி, பலகையில் வைத்து, தலைக்கு மேல் தூக்கினார்கள். லூர்தம்மா முன்னால் நடந்தாள்.

"வழி வுடுங்க. கொஞ்சம் வழி வுடுங்க."

கூட்டம் பிளந்தது. குடிலுக்குச் சொரூபம் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி பலகையைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். பீப்பி ஊதின பிள்ளைகளை அம்மாக்கள் அதட்டினார்கள். யாரோ கேட்டார்கள், "எந்தச் சாமி இது?"

"ஆரணிச் சாமி," என்றாள் லூர்தம்மா, திரும்பிப் பார்க்காமல்.

வேன் கதவைச் சாத்தும்போதுதான் அவள் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கடையில் இன்னும் வாடிக்கை நின்றது. பிறகு ஜெகநாதனிடம் தகர டப்பாவை நீட்டினாள். "மிச்சம் பதினாலு ஸ்டாரு கீது. வித்துட்டு நான் வெச்சிகினு இருக்கேன். காரியத்துக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து குடுக்கறேன்."

"வாம்மா," என்றார். வந்தால் தெருவில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்கவில்லை.

ஆரணி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேனைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். பஜனை கோயில் படியில் பொன்னுசாமியும் நாலைந்து பெரியவர்களும் காத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஜெகநாதனின் மனைவி தேவகி வேனின் பின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஜெகநாதன் டப்பாவோடு படியேறினார்.

"கேட்டியா?" என்றார் பொன்னுசாமி.

"கேட்டேன். சேரல. உபதேசியார் வாயாலயே சொன்னாரு."

"கடசி வரைக்கும்?"

"கடசி வரைக்கும்."

டப்பாவைப் படியில் கவிழ்த்தார். எல்லாம் பத்தும் ஐந்தும் இரண்டுமாக இருந்தன. ஈர நோட்டு, மெழுகு ஒட்டிய நோட்டு. பொன்னுசாமியும் அவருமாக எண்ணினார்கள். ஆயிரத்து நானூற்று எட்டு இருந்தது. பொன்னுசாமி ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தொன்றைப் பிரித்துக் கோயில் பெட்டிக்குள் போட்டார். மிச்சத்தை மேளத்துக்கும் பாடைக்கும் என்று தனியாக வைத்தார்.

"பணம் இருந்துக்குது பாரு அவன் கிட்ட," என்றார் ஒரு பெரியவர். "பதினோரு வருசத்துல ஒரு தபா தெருவுக்குக் கட்டணும்னு தோணல."

"அனுப்பனான்," என்றார் ஜெகநாதன்.

பொன்னுசாமி நிமிர்ந்தார்.

"மூனு வருசம் மணியார்டரு அனுப்பனான். நான்தான் வாங்காம திருப்பி வுட்டேன்."

"ஏன்டா?"

"வாங்கிகினு வந்து உங்க கிட்ட குடுத்தா, அவன் சேரலன்னு சொல்லணும். சொன்னா, அந்த ஸ்டார வாசல்ல கட்டனது நான்னு சொல்லணும்."

ஒரு பெரியவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பொன்னுசாமி கண்ணாடிக்கு மேலாக ஜெகநாதனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தைப் பிரித்து, பேனாவைத் தரையில் இரண்டு தடவை கிறுக்கி மை வரவைத்தார்.

சம்பந்தத்தின் பெயருக்கு நேரே பதினோரு கட்டங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொரு கட்டமாக 'வரவு' என்று எழுதிக்கொண்டு வந்தார். கடைசிக் கட்டம் தொண்ணூற்றொன்பது. அதையும் எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைக்காமலே, கையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார். பெயரின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 'காலமானார்' என்றும் தேதியையும் எழுதினார்.

"தூக்கச் சொல்லு," என்றார்.

மேளம் ஆரம்பித்தது. தேவகியின் குரல் எழும்பியது. மகன் வேன் கதவைத் திறந்தான். ஜெகநாதன் படியிறங்கிப் போய்த் தலைமாட்டுப் பக்கம் தோளைக் கொடுத்தார்.

பொன்னுசாமி கோயில் கதவைச் சாத்தப் போனார். மார்கழிப் பனியில் மை சீக்கிரம் காயாது. புத்தகத்தை மூடாமல் அதன் ஓரத்தில் ஒரு கல்லை வைத்தார். பக்கம் காற்றில் லேசாகத் தூக்கித் தூக்கி அடங்கியது.